கூன் தாத்தாக்கள் துள்ளும் ஆட்டம்: மெக்சிகோவின் வியெஹிதோஸ் நடனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியெஹிதோஸ் என்றால் என்ன?

மெக்சிகோவின் மேற்கே மிச்சோவாகான் என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே வாழும் புரெபெச்சா என்ற பூர்வகுடி மக்களின் ஆட்டம் இது. ஸ்பானிய மொழியில் 'தான்சா தே லோஸ் வியெஹிதோஸ்' என்பார்கள். 'வியெஹோ' என்றால் கிழவர். அதையே செல்லமாகச் சொன்னால் 'வியெஹிதோ'. ஆக, தாத்தாக்கள் ஆட்டம்.

வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ரோஸ் கன்னமும் பொக்கை வாயுமாகச் சிரிக்கும் முகமூடி, ரிப்பன் தொங்கும் தொப்பி, கையில் தடி. இடுப்பு வளைந்து, தள்ளாடித் தள்ளாடி வருகிற நாலு பேர், அடுத்த நிமிடம் தரை அதிரக் காலைத் தட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு 'இதற்கு என்ன அர்த்தம்' என்று கேட்பார்கள். இந்தப் பக்கம் அந்த இரண்டாவது கேள்விக்காக.

புரெபெச்சா மக்கள் யார்? ஆஸ்டெக்கும் இவர்களும் ஒன்றா?

இல்லை. ஸ்பானியர்கள் வருமுன் மத்திய மெக்சிகோவில் பேரரசு நடத்திய ஆஸ்டெக்குகளின் காலத்திலேயே தனி அரசு வைத்திருந்தவர்கள் இவர்கள். 1470களின் கடைசியில் படையெடுத்து வந்த ஆஸ்டெக்குகளை அடித்துத் துரத்தியவர்கள். தலைநகரம் பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் இருந்த சின்ட்சுன்ட்சான். 'ரீங்காரச் சிட்டுகளின் (ஹம்மிங்பேர்டு) இடம்' என்று பொருள். பெயரை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், சிறகடிப்பு காதில் கேட்கும். 'யாகாதா' எனப்படும் ஐந்து கல் மேடைகள் இன்றும் ஏரியைப் பார்த்தபடி அங்கே நிற்கின்றன. ஸ்பானியர்கள் வந்த பிறகு, 1530இல், கடைசி மன்னர் இரண்டாம் தங்காஷுவானை நூனியோ தே குஸ்மான் என்ற படைத்தலைவன் கொன்றான். அத்தோடு அந்த அரசு முடிந்தது. மக்கள் முடிந்துவிடவில்லை.

அவர்களுடைய மொழிக்கு உலகில் உறவு மொழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 1,40,000 பேர் பேசுகிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு ஒரு சின்ன வேடிக்கை: அப்பாவையும் மதிப்புக்குரிய பெரியவர்களையும் அவர்கள் 'தாதா' என்று அழைக்கிறார்கள். மிச்சோவாகானின் முதல் ஆயர் வாஸ்கோ தே கிரோகா அவர்களுக்கு 'தாதா வாஸ்கோ'. 1934 முதல் 1940 வரை குடியரசுத் தலைவராக இருந்த லாசரோ கார்தெனாஸ் 'தாதா லாசரோ'. நம் 'தாத்தா'வோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், இதை வைத்துக்கொண்டு குமரிக்கண்டம் வரை போய்விட வேண்டாம்.

ஆட்டத்தில் அப்படி என்னதான் நடக்கிறது?

ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஒரு கை தடியில், இன்னொரு கை இடுப்பில். அடியை எடுத்து வைப்பதே பெரும்பாடு என்பதுபோல் காலைத் தேய்க்கிறார்கள். இருமல் வருகிறது, முட்டி மடங்குகிறது. ஒருவர் தடுமாறி விழப் போக, தாங்கிப் பிடிக்க வந்தவரும் சேர்ந்து தள்ளாடுகிறார். கூட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அப்புறம் இசை வேகம் பிடிக்கிறது. இதுதான் ஆட்டத்தின் உயிர்நாடி. தாத்தாக்களின் கால்கள் மட்டும் இளமைக்குத் திரும்பிவிடுகின்றன. 'சபதெயாதோ' எனப்படும் காலடித் தட்டல் தொடங்கும். குதிகால், முன்பாதம், மறுபடி குதிகால் என்று மழை கொட்டுவதுபோல் தட்டுகிறார்கள். ஆனால் முதுகு நிமிர்வதில்லை. இடுப்புக்கு மேலே எண்பது வயது, இடுப்புக்குக் கீழே இருபது. இந்த இரண்டையும் ஒரே உடம்பில் விடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் ஆடுபவரின் திறமை. வேகத்தில் முதுகை நிமிர்த்திவிட்டால் ஆட்டம் போச்சு.

நடுவில் ஒவ்வொருவராக முன்னால் வந்து 'என்னால் இதுவும் முடியும்' என்று போட்டிக்கு ஆடிக் காட்டுவார்கள். ஆடி முடித்தவருக்கு மூச்சு வாங்கும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வரிசையாகச் சேர்ந்து ரயில் வண்டிபோல் வளைந்து வளைந்து ஓடும் பகுதியும் உண்டு, அதற்குப் பெயரே 'குட்டி ரயில்'. வேகமும் தளர்ச்சியும் மாறி மாறி வந்து, கடைசியில் வந்த மாதிரியே தள்ளாடிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆடுகிறவர்கள் நிஜமாகவே வயதானவர்களா?

பெரும்பாலும் இல்லை. இளைஞர்கள்தான் அதிகம், பள்ளிச் சிறுவர்களும் ஆடுவார்கள். சில குழுக்களில் வரிசையின் கடைசியில் நான்கைந்து வயதுப் பொடியன் ஒருவன் தன் உயரத்துக்கேற்ற தடியோடு வருவான். எல்லாக் கைதட்டலும் அவனுக்குத்தான். இடுப்பை மடித்தபடி பத்து நிமிடம் காலைத் தட்டுவது லேசான வேலையா? தொடை எரியும். முகமூடியின் சின்னக் கண் துளை வழியே பாதி உலகம்தான் தெரியும். நிஜத் தாத்தா செய்யும் காரியம் இல்லை அது. ஆனால் சொல்லிக் கொடுப்பவர், தாளம் தப்பினால் முறைப்பவர், பல வீடுகளில் நிஜத் தாத்தாவேதான்.

உடையில் கவனிக்க வேண்டியது என்ன?

வெள்ளைப் பருத்திச் சட்டையும் கால்சட்டையும், கால்சட்டையின் கீழ் ஓரத்தில் பூவேலை. இடுப்பில் சிவப்புத் துணிக்கச்சை. மேலே 'ஸராபே' என்னும் கம்பளிப் போர்வை. இவையெல்லாம் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து விவசாயி தினமும் உடுத்தியவை. மேடைக்காகத் தைத்த வேஷம் என்று நினைத்துவிட வேண்டாம்.

முகமூடி மரத்தில் செதுக்கியது, சில இடங்களில் களிமண்ணிலும் செய்வார்கள். மக்காச்சோளத் தட்டையின் உள்ளிருக்கும் பஞ்சை அரைத்த கூழால் உருவம் செய்வதும் புரெபெச்சா மக்களின் பழைய வித்தை. எடை குறைவு என்பதால் ஊர்வலத்தில் தூக்கிச் செல்லும் பெரிய கிறிஸ்து சிலைகளைக்கூட அதில் செய்தார்கள். முகமூடி என்றால் ஏரிக்கு அருகிலுள்ள தோக்குவாரோ என்ற ஊருக்குப் பெயர் அதிகம். முகமூடிக்கு மேலே தொங்கும் நரைமுடி, நம் ஊரில் ரயில் கற்றாழை என்கிறோமே, அந்த இனத்துச் செடியின் நார். தடியின் கைப்பிடியில் மான் போன்ற ஏதாவது மிருகத்தின் தலை செதுக்கியிருக்கும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட முக்கியம் செருப்பு. அடியில் மரக்கட்டை வைத்தது. அது தரையில் பட்டு எழுப்பும் சத்தமும் இசைக்கருவிகளில் ஒன்றுதான். அதனால்தான் சத்தத்தை அணைத்துவிட்டு ரீல்ஸில் இதைப் பார்ப்பது பாதிச் சாப்பாடு.

இசை எப்படி இருக்கும்?

வயலின், கிதார், ஹரானா என்னும் சின்ன கிதார், சில குழுக்களில் ஆளுயர டபுள் பாஸ். எல்லாம் ஸ்பானியர் வழியாக வந்த கருவிகள்தான், ஆனால் நானூறு ஐந்நூறு ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்கள் ஆகிவிட்டன. புரெபெச்சா ஊரான பராச்சோவுக்கு கிதார் செய்வதே பிழைப்பு.

தாளத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஆறு எண்ணிக்கைதான். அதை ஒரு முறை 'தகிட தகிட' என்று பிரிப்பார்கள், அடுத்த முறை 'தக தக தக' என்று பிரிப்பார்கள். சில நேரம் கருவிகள் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, கால்கள் மற்றதைப் பிடித்துக்கொள்ளும். கேட்கிறவருக்குத் தாளம் இடறுவதுபோல் தோன்றும். தள்ளாடும் கிழவருக்குப் பொருத்தமான தாளம்தானே!

புரெபெச்சா மொழியில் பாடப்படும் 'பிரெக்குவா' என்ற பாடல் வகை வேறு. 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது அதுதான். வியெஹிதோஸ் ஆட்டத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததாகச் சிலர் எழுதுவது இந்தக் குழப்பத்தால் இருக்கலாம்.

இது முதியவர்களைக் கேலி செய்வதாகாதா? ஸ்பானியர்களைக் கிண்டல் செய்யப் பிறந்தது என்றும் சொல்கிறார்களே?

இணையத்தில் அதிகம் உலவுவது இரண்டாவது கதைதான். ஸ்பானியர்கள் வந்தார்கள், உள்ளூர் மக்கள் அவர்களுடைய வெளுத்த, சிவந்த முகத்தைப் போட்டுக்கொண்டு, கூன் விழுந்து இருமி, வெள்ளைக்காரனுக்குத் தெரியாமலேயே அவனைக் கிண்டலடித்தார்கள் என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது. முகமூடியின் ரோஸ் கன்னமும் அதற்குச் சாதகம். மெக்சிகோவின் வேறு பல நாட்டார் ஆட்டங்களில் ஸ்பானியர் கேலிக்கு ஆளாவதும் உண்மைதான்.

ஆனால் அந்தக் கதை மட்டும் போதாது என்று நினைக்கிறேன். வெறும் வெள்ளைக்காரக் கிண்டல் என்றால் ஏன் அந்தக் கிழவருக்கு உள்ளூர் விவசாயியின் உடை? உடை அவர்களுடையது, தடி அவர்களுடையது, இசையும் அவர்களுடையது. அந்தக் கிழவர் முழுக்க அந்நியர் இல்லை, வீட்டுத் தாத்தா.

இனி முதல் கேள்வி. புரெபெச்சா ஊர்களில் வயது என்பது வெறும் எண் கிடையாது. ஊர்த் திருவிழாவை ஒரு வருடம் தன் செலவில் எடுத்து நடத்துவது, சாமி சிலையை வீட்டில் வைத்துப் பராமரிப்பது என்று ஒவ்வொரு பொறுப்பாகச் சுமந்து முடித்தவருக்குத்தான் ஊர்ப் பெரியவர் என்ற மதிப்பு வரும். அப்படிப்பட்ட சமூகத்தில் இருபது வயதுப் பையன் பெரியவரின் முகத்தை மாட்டிக்கொண்டு ஊர் நடுவில் சேட்டை செய்கிறான். மரியாதை இல்லாத இடத்தில் இந்த ஜோக்குக்குச் சிரிப்பே வராது. மரியாதை கனமாக இருப்பதால்தான் விளையாட இடம் கிடைக்கிறது. தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப்போலவே நடந்து காட்டும் பேரனைத் தாத்தாவே ரசிப்பாரே, அந்த மாதிரி.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கிழவர்கள் கடைசியில் தோற்பதில்லை. விழுகிறார்கள், எழுகிறார்கள், இளைஞனே திணறும் அடவைப் போட்டுக் காட்டுகிறார்கள். கேலி செய்ய மட்டும் பிறந்த ஆட்டம் தன் கோமாளிக்கு இத்தனை வலுவான கால்களைக் கொடுக்காது.

எவ்வளவு பழமையானது? ஸ்பானியர்களுக்கு முன்பே இருந்ததா?

சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்கள் 'கொலம்பஸுக்கு முந்தையது' என்று ஒரே போடாகப் போட்டுவிடும். இன்று நாம் பார்க்கும் வடிவம் அப்படியே அந்தக் காலத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. வயலினும் கிதாரும் அப்போது அங்கே இல்லை. காலடித் தட்டலிலும் ஸ்பானியச் சாயல் இருக்கிறது.

கிழவர் வேடம் கட்டி ஆடுவது மட்டும் பழையதுதான். 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதிய டியேகோ துரான் என்ற துறவி, கூன் விழுந்த கிழவர் முகமூடியோடு ஆடிச் சிரிக்கவைக்கும் ஒரு நடனம் உண்டு என்று குறித்து வைத்திருக்கிறார். ஆனால் கவனியுங்கள், அவர் எழுதியது மத்திய மெக்சிகோவின் நாவா மக்களைப் பற்றி.

நெருப்புத் தெய்வத்தோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. மத்திய மெக்சிகோவில் நெருப்புத் தெய்வத்தைத் தலையில் தணல்சட்டி சுமந்து குனிந்து உட்கார்ந்திருக்கும் கிழவராகவே சிலை வடித்தார்கள். புரெபெச்சா மக்களின் தலைமைத் தெய்வமான குரிக்காவேரியும் நெருப்போடு சேர்ந்தவர். அவர் கோவில்களில் தீ அணையாமல் இருக்க விறகு சேர்ப்பதை அரசனே புனிதக் கடமையாகக் கருதினான். கிழவர், நெருப்பு, குளிர்காலத்தில் ஆடும் ஆட்டம் என்று சேர்த்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. நேரடிச் சான்றாக யாராவது இதைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள்.

ஏன் நான்கு பேர்?

நான்கு நிற மக்காச்சோளம், நான்கு திசை, நான்கு பூதங்கள் என்று விதவிதமாக விளக்கம் சொல்வார்கள். நான்கு பேர்தான் என்று சட்டமும் இல்லை, ஆறேழு பேர் ஆடும் குழுக்கள் உண்டு. ஊருக்குள் இன்னும் கூடும்.

எப்போது, எங்கே ஆடுவார்கள்?

இதற்கு இரண்டு பதில் உண்டு.

ஊருக்குள் இது கிறிஸ்துமஸில் தொடங்கி பிப்ரவரி 2, மெழுகுவர்த்தித் திருநாள் வரை நீளும் குளிர்காலக் கொண்டாட்டங்களோடு சேர்ந்தது. குழந்தை இயேசுவுக்கு முன்னால், கோவில் முற்றத்தில், திருவிழாப் பொறுப்பை எடுத்தவரின் வீட்டில் ஆடுவார்கள். ஆடுகிறவர்களுக்கு அந்த வீட்டில் சாப்பாடு. பார்ப்பவர் எல்லோரும் ஆடுபவரின் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீடு. முகமூடிக்குள் இருப்பது யார் என்று நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளியாட்கள் பார்ப்பது பெரும்பாலும் இன்னொன்று: பாட்ஸ்குவாரோ நகரத்துப் பெரிய சதுக்கத்தில், வார இறுதியில், சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடுவது. நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் நாளுக்காக ஏரிக்குள் இருக்கும் ஹனிட்சியோ தீவுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வரும்போதும் இதே ஆட்டம் மேடை ஏறும். மெக்சிகோ புரட்சிக்குப் பிறகு, 1920களில், 'நம் நாட்டின் அடையாளம் எது' என்று தேடிய அரசாங்கமும் கலைஞர்களும் ஏரிக்கரை ஊர்களுக்கு வந்து, இந்த ஆட்டத்தைத் தலைநகர மேடைக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு பள்ளிக்கூடம், தபால் அட்டை, சுற்றுலாச் சுவரொட்டி என்று எங்கும் இந்தக் கிழவர் முகம். இன்று மெக்சிகோவின் எந்த மூலையிலும் பள்ளி ஆண்டு விழாவில் காகித முகமூடி போட்ட தாத்தாக்களைப் பார்க்கலாம்.

மேடைக்கு ஏறிய வடிவம் பெரும்பாலும் ஹராக்குவாரோ என்ற ஊருடையது. ஏரிக்குள் தீவாக இருந்த ஊர் அது. தண்ணீர் வற்றி வற்றி இப்போது கரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓலைத் தொப்பி பின்னுவதும் இசையும் அந்த ஊரின் இரண்டு தொழில்கள். ஹெர்வாசியோ லோபஸ் போன்ற இசைக்காரர்கள் இந்த ஆட்டத்தை வெளியுலகுக்குக் கொண்டுபோனது அங்கிருந்துதான்.

சுற்றுலாவுக்கு ஆடுவது 'போலி' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சதுக்கத்தில் சனிக்கிழமை காசுக்கு ஆடுபவரேதான் பெரும்பாலும் ஜனவரியில் ஊரில் காசில்லாமல் ஆடுகிறார். இடம் மாறினால் நீளம் குறையும், ஜோக் கூடும், அவ்வளவுதான்.

பெண்கள் ஆடுவதில்லையா?

மரபில் ஆண்கள்தான் ஆடினார்கள். தேவைப்பட்டால் பெண் பாத்திரத்தையும் ஆணே கட்டுவார். இப்போது பள்ளிகளிலும் குழுக்களிலும் பெண்களும் சிறுமிகளும் ஆடுகிறார்கள். முகமூடியைப் போட்ட பிறகு யாருக்குத் தெரியப் போகிறது?

'கூர்ப்பிதி' என்றும் ஒரு ஆட்டம் இருக்கிறதாமே, அதுவும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்றில்லை. மலைப்பகுதியில், குறிப்பாக நுவேவோ சான் ஹுவான் பரங்கரிக்குத்திரோ என்ற ஊரில் ஜனவரி முதல் வாரம் முடியும் நேரத்தில் ஆடுவது அது. (ஊர்ப் பெயரை மறுபடி வாசித்துப் பாருங்கள். ஸ்பானிய மொழியில் நாக்குப் பிறழும் வாக்கியம் ஒன்று இந்தப் பெயரை வைத்தே இருக்கிறது.) பழைய ஊர் இப்போது இல்லை. 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு விவசாயியின் சோளக்காட்டில் தரை பிளந்து பரிக்குத்தின் எரிமலை முளைத்தது. ஒன்பது ஆண்டு கக்கிய குழம்பில் ஊர் புதைந்தது. கறுத்த பாறைக் கடலுக்கு மேலே தேவாலயக் கோபுரம் மட்டும் இன்றும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மக்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்து புது ஊர் கட்டினார்கள். ஆட்டத்தையும் கூடவே எடுத்துப் போனார்கள்.

அங்கே ஊரின் இரண்டு பேட்டைகளுக்குள் போட்டி நடக்கும். ஒவ்வொரு அணியிலும் 'தரேபிதி' என்ற கிழவர், பெண் வேடமிட்ட 'மரிங்கியா', பிறகு அழகாகப் பூத்தையல் போட்ட துணியும் மணியும் கட்டிய இளம் கூர்ப்பிதிகள். வியெஹிதோஸ் நகைச்சுவை என்றால் இது மிடுக்கு. இரண்டிலும் கிழவர் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவர் இல்லாமல் புரெபெச்சா திருவிழா நகராது போலிருக்கிறது.

மெக்சிகோவுக்கு வெளியே பார்க்க முடியுமா?

முடியும். கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் பேரீச்சை, திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்யும் புரெபெச்சா குடும்பங்கள் நிறைய. பலர் ஒக்குமிச்சோ என்ற ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள். டிரெய்லர் வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்புகளில், டிசம்பர் ஜனவரியில், அங்கேயே பிறந்த பிள்ளைகள் இந்த முகமூடியைப் போட்டு ஆடுகிறார்கள். ஊருக்குப் போய்வர வழியில்லாத பலருக்குத் திருவிழா என்றால் இப்போது அதுதான்.

பாட்ஸ்குவாரோ போனால் எப்படிப் பார்ப்பது?

வார இறுதி மதியம் வாஸ்கோ தே கிரோகா சதுக்கத்துக்குப் போங்கள். டிக்கெட் இல்லை. வட்டத்தின் முன்வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள், அப்போதுதான் செருப்புச் சத்தம் நெஞ்சில் இறங்கும். முகமூடியைப் பார்ப்பதைவிட முழங்காலைப் பாருங்கள். நடுக்கம் எப்போது தாளமாக மாறுகிறது என்பது அங்கேதான் தெரியும். படம் எடுக்கலாம், ஆடுகிறவரின் கையைப் பிடித்து இழுத்து செல்ஃபி எடுக்க வேண்டாம். முடிந்ததும் ஒரு தாத்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வருவார், நடுங்கிக்கொண்டே. சில்லறை தயாராக வைத்திருங்கள். போடாமல் நழுவுபவரைத் துரத்த அந்தத் தாத்தாவின் கால்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை இந்நேரம் பார்த்திருப்பீர்கள்.